காகம் தின்ற ஈரல்

ஜூலை 3, வெள்ளி

கொண்டல்தீவுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். வந்து சேர்ந்தேன் என்பதைவிட வாந்தியெடுத்தபடி இறக்கிவிடப்பட்டேன் என்பதே சரி. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், அதன்பிறகு லாஞ்சில் ஐம்பது நிமிடம். சோளகக் காற்று தொடங்கிவிட்டதாம், இனி ஆனி ஆடி முழுக்கக் கடல் இப்படித்தான் இருக்குமாம். லாஞ்சுக்காரர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். ஐம்பத்தொரு வயதில் எனக்கு இது தேவையா என்று நடுக்கடலில் ஆசிரியரை வாய்விட்டுத் திட்டினேன். அவர் மதுரையில் ஏசி அறையில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருப்பார்.

பதினாறு வருடமாக அவருடைய வாரப் பத்திரிகையில் சமையல் பக்கம் எழுதுகிறேன். இப்போது, எல்லாம் போனிலேயே பார்த்துக்கொள்கிறார்கள், இனி அந்தப் பக்கம் எதற்கு என்கிறார். "இதுவரைக்கும் யாருமே எழுதாத ஒண்ணைக் கொண்டு வாங்கம்மா, பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார். பார்க்கலாமாம். விருதுநகர்க்காரியிடம் சவால் விடுகிறார்.

தீவு அழகுதான், பொய் சொல்லக் கூடாது. மதிலெல்லாம் பவளக்கல். கழுத்தளவு ஆழத்திலும் கால்விரல் தெரிகிற தண்ணீர். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் பனை, பனைக்குப் பின்னால் கடல். நான் தங்கியிருப்பது வஸ்தியாம்பிள்ளை என்ற மீனவர் வீட்டில். அறுபத்திரண்டு வயது, கரிய ஒல்லி உடம்பு, நிதானமான பேச்சு. மனைவி றெஜினா. மகன் கத்தாரில். மருமகள் டிலானியும் அவளுடைய ஐந்து மாதக் கைக்குழந்தை ஜெறோமும் இங்கே. எனக்கு ஒதுக்கியிருப்பது டிலானியின் அறையில் ஒரு கட்டில்.

"வாங்கோ தங்கச்சி, கடல் ஆட்டிப்போட்டுதோ?" என்று கேட்டு றெஜினா அக்கா ஒடியல் கூழ் வார்த்தார். பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில், நண்டு, இறால், பலாக்கொட்டை, பயற்றங்காய், எல்லாம் பனங்கிழங்கு மாவோடு கொதித்துக் கலந்து கிடந்தது. இரண்டு பிளா குடித்தேன். வாந்தியெடுத்த வயிறு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஜூலை 4, சனி

கிணற்று நீர் லேசாக உப்பு. சோப்பு நுரைக்கவில்லை. நாலு புடவையை அலசுவதற்குள் இடுப்பு போய்விட்டது.

றெஜினா அக்காவின் நண்டுக் குழம்பை எழுதிக்கொண்டேன். அளவு கேட்டால் அவருக்குக் கோபம் வருகிறது. "எனக்கு அளவு தெரியாது பிள்ளை. கை போடுற அளவுதான் அளவு." அவர் கையைப் பிடித்து நிறுத்தி, உள்ளங்கையில் இருந்த மிளகாய்த்தூளை என் ஸ்பூனால் அள்ளி அளந்தேன். டிலானி சிரித்துச் சிரித்துப் பிள்ளையைக் கீழே போட்டுவிடப் பார்த்தாள். நல்ல பெண். பிள்ளையோடு மட்டும் ஓயாமல் பேசுகிறாள், மற்றவர்களிடம் இரண்டு வார்த்தைதான்.

ஆனால் நண்டுக் குழம்பு, கூழ், கணவாய் வறுவல் எல்லாம் எல்லாரும் எழுதியாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் என் சிநேகிதி ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். தீவுக்காரர்கள் ஆமை இறைச்சியை ஒரு தனிப் பக்குவத்தில் சமைப்பார்களாம், வெளியாளிடம் வாயே திறக்க மாட்டார்களாம். வலை தைத்துக்கொண்டிருந்த வஸ்தியாம்பிள்ளை அண்ணனிடம் கேட்டேன்.

"அது சட்டப்படி குற்றம், தங்கச்சி. நேவிக்காரன் கண்டால் ஆளையும் கொண்டுபோவான், வள்ளத்தையும் கொண்டுபோவான். வலையிலை உயிரோடை விழுந்தால் நான் வலையை வெட்டி விட்டுடுவன்."

"செத்துக் கிடந்தா?"

ஊசியை நிறுத்தி என்னைப் பார்த்தார். "செத்துக் கிடந்தால் முந்தி தின்னுறதுதான். இப்ப விட்டிட்டம்."

மத்தியானம் ஒருமுறை கேட்டேன். சாயந்திரம் தேத்தண்ணீர் குடிக்கும்போது இன்னொரு முறை கேட்டேன். புதன்கிழமை கிளம்பிவிடுவேன், இந்த ஒன்றுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்றும் சொன்னேன். விருந்தாளி மூன்று தரம் கேட்டதை இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அது தெரிந்தேதான் கேட்டேன்.

ஜூலை 5, ஞாயிறு

கிடைத்துவிட்டது.

காலைப் பூசைக்குப் பிறகு வலை பார்க்கப் போன அண்ணன் பன்னிரண்டு மணிக்கு வந்து, வள்ளத்தில் சாக்கைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன் என்றார். வலையில் சிக்கி மூச்சு முட்டிச் செத்த ஆமை. முகத்தில் சந்தோஷமே இல்லை. "தங்கச்சியின்ரை விருப்பம்" என்றார், அவ்வளவுதான். றெஜினா அக்கா அம்மியைக் கழுவப் போனார்.

சமைப்பதற்கு முன்னால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஆமையின் ஈரலில் ஒரு துண்டை வெட்டிக் காகத்துக்குப் போட வேண்டும், காகம் தின்னாவிட்டால் ஆமையையே குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும். சில ஆமை நஞ்சாம், பார்த்தால் தெரியாதாம், வேகவைத்தாலும் போகாதாம், காகத்துக்கு மட்டும் தெரியுமாம். அண்ணன் வள்ளத்து மறைவில் வெட்டிக்கொண்டிருந்தார், கையெல்லாம் இரத்தம், கண் பாதை மேல். ஒரு பூவரச இலையில் ஈரலை வைத்து என்னிடம் நீட்டினார்.

"வேலிக்கு அங்காலை போட்டிட்டு நிண்டு பாருங்கோ, தங்கச்சி. காகம் திண்டால் சமைப்பம். தின்னாட்டிக் கிடங்கு வெட்டித் தாட்டுப்போடுவம். வடிவாப் பாக்கோணும்."

போட்டேன். பார்த்தேன். திரும்பி வந்தேன்.

"திண்டதோ?"

"தின்னுச்சு அண்ணே."

இரண்டு மணிக்கு அடுப்பேறியது. பக்குவத்தைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன், மிளகு அரைத்ததிலிருந்து கடைசித் தேங்காய்ப்பால் வரை. வாசனை தெருவுக்குப் போய்விடக் கூடாதென்று ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைத்தார் அக்கா. நாலு பேரும் வாழையிலை போட்டு உட்கார்ந்தோம். பால் கொடுக்கிற பிள்ளை என்று டிலானிக்கு இரண்டாம் தரமும் அள்ளி வைத்தார்கள். நான் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டேன், காலையில் குடித்த கூழ் இன்னும் வயிற்றிலேயே கிடந்தது. ருசி அபாரம்.

ஜூலை 6, திங்கள்

காற்று ஏறிவிட்டது. இன்று லாஞ்ச் ஓடவில்லை, நாளையும் சந்தேகம்தானாம். இறங்குதுறைக்கு நடந்தால்தான் போனுக்கு சிக்னல். அங்கே நின்று பக்குவத்தைப் படமெடுத்து ஆசிரியருக்கு அனுப்பினேன். "பெயரைக் கடல் இறைச்சி என்று மட்டும் போட்டுக்கொள்ளலாம்" என்று சேர்த்து எழுதினேன்.

வீட்டுக்கு வந்தால் றெஜினா அக்கா தொண்டை எரிகிறது என்று தேன் குடித்துக்கொண்டிருந்தார். நேற்று மிளகு கூடிப்போயிற்றாம். டிலானிக்கும் நாக்கு நுனி எரிகிறதாம். உறைப்புத்தான்.

நேற்று எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம். காகம் தின்றது என்பதைவிடத் தூக்கிக்கொண்டு போனது என்பதே சரி. தூக்கிக்கொண்டு போன காகம் அதை வைத்து என்ன செய்யும், தின்னத்தான் செய்யும்.

ஜூலை 7, செவ்வாய்

வஸ்தியாம்பிள்ளை அண்ணன் விடிந்ததிலிருந்து ஆறு முறை வாந்தி எடுத்துவிட்டார். நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது, தண்ணீர் விழுங்கினாலும் முகம் கோணுகிறது. அக்காவுக்கு உதட்டுக்குள் புண். டிலானி எழுந்து நடமாடுகிறாள், ஆனால் சோறு இறங்கவில்லை.

எனக்கு ஒன்றும் இல்லை.

தீவில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள்தான், லாஞ்ச் ஓடாததால் அவரும் வரவில்லை. தாதி மட்டும் வீட்டுக்கே வந்தார். மிஸ்ஸி என்று கூப்பிடுகிறார்கள். முப்பது வயதிருக்கும், வேகமான பெண்.

"என்ன சாப்பிட்டனீங்கள்?"

அண்ணன் மெல்லச் சொன்னார், "நண்டு."

மிஸ்ஸி மருந்து கொடுத்துவிட்டுப் போன பிறகு நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமை என்று சொல்லியிருக்கலாமே என்றேன். சத்தியமாக, அதை நான் கேட்டேன்.

"சொன்னால் பொலிசுக்குப் போகும். வெளிநாட்டு ஆள் எண்டு உங்கடை பாஸ்போட்டைத்தான் முதல் பறிப்பாங்கள்." மூச்சு வாங்கிக்கொண்டார். "அதோடை, ஆமையாலை இல்லை, தங்கச்சி. காகம் திண்ட இறைச்சி. இது தண்ணியாலை. காத்துக்குக் கிணத்துக்குள்ளை என்னவோ விழுந்திட்டுது."

உடனே வீடே கிணற்றின் மேல் பாய்ந்தது. அண்டாவைக் கொதிக்க வைத்தார்கள். பக்கத்து வீட்டார் வந்து எட்டிப் பார்த்து, செத்த எலி ஏதும் மிதக்கிறதா என்று வாளி விட்டுத் துழாவினார்கள். டிலானி பிள்ளைக்கு அவ்வப்போது கரைத்துக் கொடுக்கும் பால்மா டின்னை எடுத்து உயரத்தில் வைத்துவிட்டாள். "இந்தத் தண்ணியிலை இனி ஒண்டும் கரைச்சுக் குடுக்க மாட்டன். என்ரை பால் மட்டும்தான் இவருக்கு." இவர் என்பது ஐந்து மாதப் பயல்.

காகம் ஈரலை வேலி வரை தூக்கிக்கொண்டு போனது, அங்கே கல்லின் மேல் வைத்துவிட்டது. அன்று காலையில் கரையில் மீன் கழுவியிருந்தார்கள், காகங்களுக்கு வயிறு நிறைந்திருக்கும். நிறைந்த வயிற்றுக் காகத்தை வைத்து என்ன சோதனை செய்ய முடியும்?

ஜூலை 8, புதன்

இன்று நான் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள்.

காற்றில் நடக்க முடியவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்குதுறைக்குப் போனேன். ஆசிரியர் அனுப்பியிருந்தார்: "அருமை. அட்டைப்படக் கட்டுரை. போட்டோ உடனே வேண்டும்." பதினாறு வருடத்தில் எனக்கு அட்டை கிடைத்ததில்லை. அதைப் படித்துவிட்டு மற்றதைத் தேடினேன். ஆமை இறைச்சி, நஞ்சு.

எல்லாம் இருந்தது. எரிகிற தொண்டை, நாக்கில் வெள்ளை, வாந்தி, அப்புறம் தூக்கம், எழுப்ப முடியாத தூக்கம். சாப்பிட்டு ஒரு வாரம் கழித்துக்கூட வரலாம். மாற்று மருந்து கிடையாது. நடுவில் ஒரு வரி. தாய் சாப்பிட்டிருந்தால் பால் வழியாகப் பிள்ளைக்கும் போகும், பிள்ளைதான் முதலில் தாங்காது.

அந்த வரியை எத்தனை தரம் படித்தேன் என்று தெரியவில்லை. படித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்து துணி மடித்தேன். அண்ணன் வாந்தியெடுத்த பாயைக் கடலில் அலசிக் காயப்போட்டேன். கொதித்த தண்ணீரைக் குடத்தில் மாற்றினேன். இத்தனை வேலையையும் வரிசையாகச் செய்தேனே தவிர, வாயைத் திறக்கவில்லை.

டிலானி கட்டிலில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டபோது நான் என் பையிலிருந்து மூன்று தண்ணீர் பாட்டில்களை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இது யாழ்ப்பாணத்துல வாங்கினதும்மா. நல்ல தண்ணி. இதுல மாவு கரைச்சுக் குடேன். உனக்கும் முடியலை, உடம்பு தேறட்டும்."

"தாய்ப்பால் இருக்கேக்கை மாப்பால் எதுக்கு அன்ரி?"

"உனக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கே."

"காய்ச்சலுக்கும் குடுக்கலாம் எண்டு மிஸ்ஸி சொன்னவ."

பக்கத்து அறையில் படுத்திருந்த றெஜினா அக்கா புண் வாயோடு, "விருதுநகரிலை மாட்டுப் பால்தான் குடுப்பினமாக்கும்" என்று கேலி பேசினார். டிலானி சிரித்தாள். பிள்ளை குடித்தான். சப்புக் கொட்டுகிற சத்தம் அந்தச் சின்ன அறை முழுக்கக் கேட்டது. நான் எழுந்து வெளியே போய் வேலியோரம் நின்றேன்.

சரி. எழுதிவிடுகிறேன். மூன்று காகம் வந்தன. ஒன்று கொத்தியது. கொத்தியதை உதறிவிட்டு அலகைக் கல்லில் தேய்த்தது. இன்னொன்று வேலியடிக் கல்லுக்குத் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே போட்டுவிட்டுப் பறந்துவிட்டது. மூன்றாவது கிட்டேயே வரவில்லை. கால் மணி நேரம் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. காகத்தின் பேச்சைக் கேட்டு இந்தப் பயணத்தையே விடுவதா என்று தோன்றியது. ஈரலைக் காலால் மணலுக்குள் தள்ளி மூடிவிட்டுப் போய்ச் சொன்னேன்.

மூடநம்பிக்கை என்று நினைத்தேன். முழுக்க அப்படி நினைக்கவும் இல்லை.

நாளை காலை சொல்லிவிடுவேன்.

ஜூலை 9, வியாழன்

காலையில் பிள்ளை எழவில்லை.

டிலானி அவன் உள்ளங்காலைச் சுண்டினாள். கண்ணைத் திறந்தான், மூடிக்கொண்டான். "இவருக்கு இண்டைக்கு நித்திரை கூடிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். காம்பை அவன் வாயில் வைத்தாள். அவன் சப்பவில்லை. அவள் மார்பை அழுத்தி, பாலைச் சொட்டுச் சொட்டாக அவன் உதட்டுக்குள் பீச்சினாள்.

நான் தேநீர் டம்ளரோடு வாசற்படியில் நின்றிருந்தேன். டம்ளர் எங்கே போனதென்று தெரியாது. போய் அவள் மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கினேன்.

"குடுக்காதே. குடுக்காதேடி. காகம் தின்னலை."

அவளுக்குப் புரியவில்லை. சட்டையை இழுத்து மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் பிள்ளையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அலகைத் தேய்த்தது, மணலில் மூடியது, நேற்று இறங்குதுறையில் படித்தது. படித்தது நேற்று என்று சொன்னபோது அவள் முகம் மாறியது. நேற்றிலிருந்து எத்தனை தரம் பால் கொடுத்தாள் என்று எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது, நானும் எண்ணியிருந்தேன். ஏழு.

"நீங்கள் திண்டனீங்களோ, அன்ரி?"

பிள்ளையின் சட்டையை இழுத்துச் சரிசெய்தேன்.

"அண்டைக்கு இறைச்சி திண்டனீங்களோ?"

"வாயில வச்சேன். அப்புறம் இலைக்கு அடியில தள்ளிட்டேன்."

அவள் கத்தவில்லை, அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தள்ளாடி எழுந்து, உயரத்தில் வைத்த பால்மா டின்னை எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டே மிஸ்ஸியைக் கூப்பிட வெளியே போனாள்.

பக்கத்து அறையில் பாயில் கிடந்த வஸ்தியாம்பிள்ளை அண்ணனுக்கு எல்லாம் கேட்டிருந்தது. கூரையைப் பார்த்தபடி பேசினார். நாக்கு தடித்துப்போய்ச் சொல் குழறியது.

"தாட்டிருக்கலாமே, தங்கச்சி. ஒரு கிடங்கு வெட்ட எவ்வளவு நேரம்."

மிஸ்ஸி வந்தார். ஆமை என்று கேட்டதும் பிள்ளையின் இமையைத் தூக்கிப் பார்த்தார், அடுத்த நொடி போனை எடுத்துக்கொண்டு இறங்குதுறைக்கு ஓடினார். பத்தரை மணிக்கு நேவியின் அம்புலன்ஸ் படகு வந்தது. அலை படகுக்கு மேலே ஏறி இறங்கியது. அண்ணனையும் அக்காவையும் தூக்குப் படுக்கையில் கட்டினார்கள். டிலானிக்குக் கையில் பலமில்லை. அதனால் பிள்ளையை நான்தான் மடியில் வைத்திருக்க வேண்டியிருந்தது. என் பாட்டில் தண்ணீரில் கரைத்த பாலை ஸ்பூனில் தொட்டுத் தொட்டு அவன் வாயில் வைத்தேன். முதலில் வழிந்தது. நடுக்கடல் தாண்டி ஒரு தடவை விழுங்கினான். இந்த முறை எனக்கு வாந்தி வரவில்லை.

டிலானி முழு நேரமும் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜூலை 10, வெள்ளி

யாழ்ப்பாணம், ஆஸ்பத்திரி.

பிள்ளைக்கு மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். இன்னும் ஒரு நாள் அந்தப் பாலைக் குடித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார் டாக்டர். இப்போதும் பிழைப்பான் என்று சொல்லவில்லை. அண்ணனைத் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். தீவிலிருந்து ஒருவரும் வர முடியவில்லை, கடல் விடவில்லை. கத்தாரிலிருந்து மகன் வர இன்னும் நாலைந்து நாளாகும். மூன்று கட்டிலுக்கும் வெந்நீர், துணி, மருந்துச் சீட்டு என்று ஓட நான் ஒருத்திதான்.

மாலை நாலு மணிக்குப் பொலிஸ்காரர் ஒருவர் வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம் துணி பிழிந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி நிறுத்தி அண்ணன் பேசினார்.

"ஈரல் நான்தான் போட்டனான். காகம் தூக்கினதைக் கண்டன். பேந்து பாக்கேல்லை. கவனக்குறைவு. இந்தத் தங்கச்சி எங்கடை வீட்டுக்கு விருந்துக்கு வந்தவ. அவவுக்கு ஒண்டும் தெரியாது."

பொலிஸ்காரர் எழுதிக்கொண்டார். பிழிந்த துணியையே மறுபடி மறுபடி பிழிந்துகொண்டு நின்றேன். அவர் எழுந்து போகும்வரை திரையை விலக்கவில்லை.

ஜூலை 11, சனி

வஸ்தியாம்பிள்ளை அண்ணன் இன்று காலை பதினொன்றேகாலுக்குப் போய்விட்டார். நேற்று இரவிலிருந்தே கண் திறக்கவில்லை.

ஜூலை 12, ஞாயிறு

பொலிஸ் நிலையத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள், நான் கொழும்புக்குப் போகலாமாம். இறந்தவரின் வாக்குமூலத்தில் எனக்குச் சம்பந்தமில்லை என்று தெளிவாக இருக்கிறதாம். பதினைந்தாம் தேதி விமானம். ஒரு கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இதற்குள் பேச்சு பரவியிருந்தது. யாழ்ப்பாணத்திலேயே தங்கிவிட்ட தீவுக்காரக் கிழவர் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், "நாப்பது வருசம் கடலுக்குப் போனவன், ஒரு காகத்தைப் பாக்கத் தெரியாமல் குடும்பத்துக்கே நஞ்சு குடுத்திட்டான்." என் காது எரிந்தது. மறுத்துச் சொல்லாமல் கஞ்சி வாங்கப் போனேன்.

றெஜினா அக்காவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அவர் வாங்கிக் கீழே வைத்துவிட்டார். நாலு நாளாகப் பேச்சே இல்லாத வாய், இன்று பேசியது. ரொம்ப மெல்லிய குரல், குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"என்ரை மனிசன் உங்களைக் காப்பாத்தத்தான் பொய் சொன்னவர். அது அவரின்ரை குணம். நான் அவரில்லை." கஞ்சியை இன்னும் தள்ளி வைத்தார். "காகம் தெரியாத மனிசன் எண்ட பேரோடை அவரைப் பெட்டியிலை வைக்க நான் விட மாட்டன். நீங்கள் போய்ச் சொல்லுறியளோ, நான் எழும்பிப் போகவோ?"

எழும்ப முயன்றார். தோளைப் பிடித்துப் படுக்க வைத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

பொலிஸ் நிலையத்தில் இரண்டு மணி நேரம். அவர்கள் எழுதி வைத்திருந்த தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. வேறு தாள் கேட்டு என் கையாலேயே எழுதினேன். பதினாறு வருடமாக எழுதுகிற கைதான், ஒரு வரி நேராக வரவில்லை. ஆமையை நான் மூன்று தரம் கேட்டதும், காகம் தின்னாததும், மணலும், இலைக்கு அடியில் தள்ளியதும், புதன்கிழமை படித்துவிட்டு வியாழக்கிழமை வரை பேசாமல் இருந்ததும், ஒன்றுவிடாமல் எழுதினேன். வாசித்த அதிகாரி தலையை நிமிர்த்தி, "இதை எழுத உங்களை யாரும் வற்புறுத்தினதோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். யார் என்று சொல்லவில்லை.

பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வழக்கு முடியும்வரை யாழ்ப்பாணத்தை விட்டுப் போகக் கூடாது. திரும்பி வரும் வழியில் வராந்தாக் கிழவரைத் தேடிப் பிடித்து அவரிடமும் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எழுந்து வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆசிரியருக்கு: அந்தப் பக்குவத்தை அச்சிட வேண்டாம். இனி என் பக்கமும் வேண்டாம்.

ஜூலை 13, திங்கள்

காற்று தணிந்து லாஞ்ச் ஓடியது. அண்ணனைத் தீவுக்குக் கொண்டுபோனார்கள். றெஜினா அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிப்போனார்கள். டிலானியை டாக்டர் விடவில்லை. நான் போகக் கூடாது, சட்டப்படியும் கூடாது.

பிள்ளையின் மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள்.

ஜூலை 14, செவ்வாய்

இன்று முதல் பிள்ளைக்குக் கோப்பையும் ஸ்பூனும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. டிலானியின் பாலை இப்போதைக்கு நினைக்கவே கூடாது என்றார் டாக்டர். அவளுக்கு மார்பு கட்டிக்கொண்டு வலிக்கிறது, பிழிந்து பிழிந்து கொட்டுகிறாள். அவளுக்கு இன்னும் நிற்கத் தெம்பில்லை, வார்டில் தாதிகளுக்கு நிற்க நேரமில்லை. பாலை நான்தான் கரைக்க வேண்டியிருக்கிறது. கத்தாரிலிருந்து மகன் இன்னும் வந்து சேரவில்லை, வேறு ஆள் இல்லை.

மத்தியானம் பன்னிரண்டு மணிப் பால். கோப்பையை வெந்நீரில் கழுவினேன். அளந்து மாவு போட்டேன், கட்டியில்லாமல் கலக்கினேன். கட்டிலருகே கொண்டுபோய் நீட்டினேன். வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை.

கோப்பையை வாங்கவில்லை. பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"முதல் நீங்கள் குடியுங்கோ."

ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் விட்டேன்.

"விழுங்குங்கோ."

விழுங்கினேன்.

"வாயைத் திறவுங்கோ."

திறந்து காட்டினேன். பக்கத்துக் கட்டில்காரிகள் பார்த்தார்கள். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிள்ளை பசியில் முனகினான், அப்போதும் அவள் அசையவில்லை. பத்து நிமிடம் நான் கட்டிலருகே நின்றேன். உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை.

பிறகு கோப்பையை வாங்கி, கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, பிள்ளைக்குக் கொடுத்தாள். அவன் ஸ்பூனை நோக்கி வாயைக் கொண்டுவந்தான். கோப்பை காலியாகும் வரை குடித்தான்.

காலிக் கோப்பையை என்னிடம் நீட்டினாள். அடுத்த பால் மூன்று மணிக்கு.